கிறிஸ்தவர் – முஸ்லிம் உரையாடலுக்கு முன் செய்ய வேண்டிய வேலைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தவக்காலமும் ரமலானும் ஒட்டி வருகிற ஆண்டுகள் இவை. 2025இல் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் மார்ச் 5. அதே வாரத்தில்தான் ரமலான் நோன்பும் தொடங்கியது. 2026இல் சாம்பல் புதன் பிப்ரவரி 18. நோன்பும் அந்த வாரமே. 2027இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10. பிறைக் கணக்குப்படி அப்போதும் இரண்டும் சேர்ந்தே வரும். இந்தச் சமயத்தில் தேவாலயத்தாரும் பள்ளிவாசல் ஜமாத்தாரும் சேர்ந்து உட்கார்ந்து பேசலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் சில காரியங்களை முடித்துக்கொண்டால் நல்லது. அவற்றைச் சொல்லவே இக்கடிதம்.

நல்லிணக்க விழா வேறு, உரையாடல் வேறு. விழாவில் குத்துவிளக்கு, பொன்னாடை, ஆளுக்குப் பத்து நிமிடப் பேச்சு, நடுநடுவே 'எம்மதமும் சம்மதம்', கடைசியில் சாப்பாடு. யார் மனமும் நோகாது. யாருக்கும் புதிதாக எதுவும் தெரியவும் வராது. இன்னொரு பக்கம் யூடியூபில் ஓடும் விவாதங்கள். அங்கே எதிரில் இருப்பவரை மடக்குவதுதான் வேலை. இரண்டிலும் ஒரே குறைதான்: அடுத்தவர் உண்மையில் என்ன நம்புகிறார் என்று அவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வது நடப்பதில்லை. அதைக் கூட்டத்தன்று தொடங்கினால் முடியாது. எட்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். அதில் ஆறு வாரத்து வேலை, இரு தரப்பும் தத்தம் ஆட்களோடு தனித்தனியே செய்ய வேண்டியது.

முதலில் எழும் கேள்வி, 'இதற்கு நம் மார்க்கத்தில் இடமுண்டா?' என்பது. இதைத் தட்டிக்கழித்தால் பின்னால் முதுகுக்குப் பின் பேச்சாக வரும். பதிலை அவரவர் ஏற்கும் இடத்திலிருந்தே எடுத்துத் தர வேண்டும். கத்தோலிக்கருக்கு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28இல் வெளியிட்ட அறிக்கை இருக்கிறது. முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்புடன் நோக்குகிறது என்று அதன் மூன்றாம் பகுதி சொல்கிறது. பெந்தெகொஸ்தே சபையாரிடம் இதைக் காட்டிப் பயனில்லை. அவர்களுக்கு 1 பேதுரு 3:15 போதும்: உங்கள் நம்பிக்கையைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்பது அதன் கருத்து. முஸ்லிம் தரப்பிலும் அப்படித்தான். 2007 அக்டோபர் 13இல் 138 முஸ்லிம் அறிஞர்கள் கையெழுத்திட்டுக் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு அனுப்பிய கடிதம் சிலருக்குப் பெரிய ஆதாரமாகப் படும். 2019 பிப்ரவரி 4இல் அபுதாபியில் போப் பிரான்சிஸும் அல்அஸ்ஹர் தலைமை இமாம் அஹ்மத் அத்தய்யிபும் கையெழுத்திட்ட ஆவணமும் அப்படியே. 'குர்ஆனில் எங்கே இருக்கிறது?' என்று கேட்பவருக்கு 29:46ஐக் காட்டுங்கள்: வேதக்காரர்களோடு (யூதர், கிறிஸ்தவரோடு) அழகிய முறையிலன்றித் தர்க்கம் செய்யாதீர்கள் என்ற வசனம் அது. நஜ்ரான் கிறிஸ்தவர்கள் மதீனாவுக்கு வந்து நபிகள் நாயகத்தோடு பேசிய நிகழ்ச்சி, நபியின் வரலாறு சொல்லும் சீரா நூல்களில் இருக்கிறது. பேசினார்கள், ஒத்துப்போகவில்லை, உடன்படிக்கை செய்துகொண்டு தங்கள் மதத்திலேயே ஊர் திரும்பினார்கள். உரையாடல் என்றால் ஒப்புதல் என்று பொருளில்லை என்பதற்கு இதைவிடப் பழைய முன்னுதாரணம் தேட வேண்டாம்.

பங்குப் பேரவையிடமும் சபைக் குழுவிடமும் ஜமாத் நிர்வாகத்திடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதை மறைத்துச் செய்தால் 'மதம் மாற்றக் கூட்டம்' என்ற வதந்தி ஒரே வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் ஊரைச் சுற்றிவிடும்.

ஆள் தேர்வில்தான் பல முயற்சிகள் கவிழ்கின்றன. பக்கத்துக்கு எட்டுப் பேர் போதும். இருபதைத் தாண்டினால் அது பொதுக்கூட்டம். ஐந்துக்குக் கீழே போனால் பேச்சாளி ஒருவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார். எட்டில் மூன்று பேராவது பெண்களாக இருக்கட்டும். ஆலிம் (இஸ்லாமிய மார்க்க அறிஞர்) ஒருவர், குருவானவர் ஒருவர் போதும். அதற்கு மேல் போனால் மற்றவர்கள் வாய் திறக்கும் முன் அவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். எண்ணிக்கை இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். உட்பிரிவுகளையும் மறக்கக் கூடாது. 'கிறிஸ்தவர்' என்றால் ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா, பெந்தெகொஸ்தேயா? 'முஸ்லிம்' என்றால் சுன்னத் ஜமாத்தா, தவ்ஹீதா? தர்கா ஜியாரத்தை, அதாவது இறைநேசர் அடக்கத்தலத்துக்குப் போய்வருவதைப் பற்றிப் பேச்சு எடுத்தால் முஸ்லிம்கள் தங்களுக்குள் மோதுவார்கள். மாதா வணக்கத்தைப் பற்றி எடுத்தால் கிறிஸ்தவர்கள் தங்களுக்குள் மோதுவார்கள். எதிர்த்தரப்பு வேடிக்கை பார்க்கும். இந்த வேறுபாடுகளை முதல் நாளே ஒருவருக்கொருவர் சொல்லி வைத்துவிடுவது நல்லது. இந்த மதத்திலிருந்து அந்த மதத்துக்குப் போனவரை அறிவிக்காமல் 'சாட்சி'யாகக் கூட்டிவந்து உட்காரவைப்பது கூடவே கூடாது. அத்தோடு எல்லாம் முடிந்துவிடும்.

இனி முக்கியமான வேலை. ஒவ்வொரு தரப்பும் மறு தரப்பின் நம்பிக்கையை அரைப் பக்கத்தில் எழுதி அனுப்ப வேண்டும். பெற்றுக்கொண்டவர்கள் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவார்கள். 'ஆம், நாங்கள் நம்புவது இதுதான்' என்று அவர்கள் எழுதித் தரும்வரை தாள் போய்வர வேண்டும். பெரும்பாலும் மூன்று சுற்று ஆகும். இதைச் செய்யாமல் நேரே கூட்டத்துக்குப் போவதை நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம்.

கிறிஸ்தவர்கள் எழுதும் தாளில் வழக்கமாகத் திருத்தம் வரும் இடங்களைச் சொல்லிவிடலாம். 'முகமது எழுதிய குர்ஆன்' என்பது ஒன்று. வானவர் ஜிப்ரீல் வழியாக ஏறக்குறைய 23 ஆண்டுகளில் இறைவன் இறக்கியருளியது என்பதே முஸ்லிம்களின் நம்பிக்கை. 'முகமதியர்' என்ற பெயரை அவர்கள் ஏற்பதில்லை. வணக்கம் நபிக்கு அல்ல. கஅபா தொழுகைக்கான திசை, வணங்கப்படும் பொருள் அல்ல. 'அல்லாஹ் என்பது நிலாக் கடவுள்' என்று சில துண்டுப் பிரசுரங்கள் சொல்வதை நம்பி எழுதுபவரும் உண்டு. அரபு பேசும் கிறிஸ்தவர்கள் இன்றும் தங்கள் பைபிளில் கடவுளை அல்லாஹ் என்றுதான் படிக்கிறார்கள். எல்லாவற்றையும்விட அதிகம் வருவது 'இயேசுவை மறுக்கிறவர்கள்' என்பது. ஈஸா நபியை மறுத்தால் ஒருவர் முஸ்லிமாகவே இருக்க முடியாது. கன்னி மர்யமிடம் பிறந்ததையும், அற்புதங்களையும், மஸீஹ் (மெசியா) என்ற பட்டத்தையும், திரும்பி வரப்போவதையும் ஏற்கிறார்கள். இறைமையையும், இறைமகன் என்பதையும், சிலுவையில் இறந்ததையும் (4:157) மறுக்கிறார்கள். ஏற்பதும் மறுப்பதும் இரண்டும் தாளில் இருக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதுவது மரியாதையாகத் தெரியலாம். உண்மையில் அது மழுப்பல்.

முஸ்லிம்கள் எழுதும் தாளில் முதல் திருத்தம் 'மூன்று கடவுள்' என்பதில் வரும். கடவுள் ஒருவரே என்பதில் கிறிஸ்தவ விசுவாசப் பிரமாணம் தொடங்குகிறது. தந்தை, மகன், தூய ஆவி என்பது அந்த ஒருவருக்குள் உள்ள உறவு என்று அவர்கள் சொல்கிறார்கள். உங்களுக்கு அது முரணாகப் படலாம், அதைக் கேள்வியாக வையுங்கள். ஆனால் 'மூன்று கடவுளை வணங்குகிறார்கள்' என்று எழுதினால் எந்தக் கிறிஸ்தவரும் கையெழுத்திட மாட்டார். மரியாள் அந்த மூவரில் ஒருவர் என்று எந்தச் சபையும் கற்பிப்பதில்லை. 'மகன்' என்பதை உடல்வழிப் பிறப்பாக எந்தச் சபையும் சொல்வதில்லை. அடுத்து, 'இன்ஜீல்' என்று குர்ஆன் சொல்வது ஈஸா நபிக்கு அருளப்பட்ட ஒரு வேதம். கிறிஸ்தவர் கையில் இருப்பது இயேசுவைப் பற்றி நால்வர் எழுதிய நான்கு நற்செய்திகள். மனிதர்கள் தூய ஆவியின் ஏவுதலால் எழுதினார்கள் என்பதே கிறிஸ்தவர்களின் கொள்கை. 'மனிதன் எழுதியதுதானே, மாட்டிக்கொண்டீர்களா?' என்று கேட்பவர் அவர்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதையே கேட்கிறார். பைபிளில் இல்லாத பர்னபாஸ் சுவிசேஷத்தைக் கொண்டுவருபவரும் உண்டு. அதன் இத்தாலியக் கையெழுத்துப்படி 16ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது. அதைவிட, இயேசு மெசியா அல்ல என்று அந்த நூல் சொல்கிறது. குர்ஆனோ அவரை மஸீஹ் என்றே அழைக்கிறது. ஆகவே அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது முஸ்லிம் தரப்புக்கும் நல்லது.

இந்தத் தாள் வேலையில் ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். குர்ஆனையும் பைபிளையும் அருகருகே வைத்து ஒப்பிடுகிறோம். நபிகளையும் இயேசுவையும் ஒப்பிடுகிறோம். அந்த ஜோடிகள் பொருந்தாதவை. இறைவனின் வார்த்தை நம்மிடையே வந்தது எப்படி என்ற கேள்விக்கு முஸ்லிமின் பதில் குர்ஆன்; கிறிஸ்தவரின் பதில் கிறிஸ்து. கிறிஸ்தவர் குர்ஆனை அலட்சியமாகப் பேசும்போது முஸ்லிமுக்கு எவ்வளவு வலிக்கும் என்பதை, இயேசுவை ஒருவர் அலட்சியமாகப் பேசினால் தமக்கு எப்படியிருக்கும் என்று வைத்துப் பார்த்தால்தான் கிறிஸ்தவரால் அறிய முடியும்.

ஆறாம் வாரத்தில் கேள்விகளை எழுத்தில் பரிமாறிக்கொள்ள வேண்டும். தரப்புக்கு ஆறு கேள்வி. அனுப்பும் முன் தங்கள் ஆட்களுக்குள்ளேயே படித்துச் சலித்துக்கொள்ளுங்கள். 'நீங்கள் ஏன் பெண்களை அடைத்து வைக்கிறீர்கள்?' என்பது கேள்வி வேடம் போட்ட குற்றச்சாட்டு. 'பர்தா அணிவதைப் பற்றி உங்கள் வீட்டுப் பெண்கள் என்ன நினைக்கிறார்கள்?' என்றால் பதில் வரும். அதையும் பெண்ணிடம் கேட்க வேண்டும். 'கடவுள் எப்படிச் சாவார்?' என்பதற்குப் பதிலாக, 'சிலுவை மரணம் உங்களுக்கு ஏன் நற்செய்தி?' என்று கேட்டுப் பாருங்கள்.

முதல் சந்திப்புக்கு நாங்கள் சிபாரிசு செய்யும் பாடம் மர்யம். லூக்கா 1:26–38ஐயும், மர்யம் அத்தியாயம் 19:16–34ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் அவர். இரண்டு இடத்திலும் அதற்கு முன்னால் சகரியா, யோவானின் கதை வருகிறது. இரண்டிலும் வானவர் வருகிறார். இரண்டிலும் மர்யம் 'எப்படி நடக்கும்?' என்று கேட்கிறார். பேரீச்ச மரத்தடிப் பிரசவ வேதனையும் தொட்டில் குழந்தை பேசுவதும் குர்ஆனில் மட்டும். ஒற்றுமையும் வேற்றுமையும் ஒரே பக்கத்தில் கண்முன் கிடக்கும். நோன்பு, ஜகாத், தசமபாகம், அடக்கம் செய்யும் முறை ஆகியவையும் நல்ல தொடக்கங்கள். இயேசு யார் என்ற கேள்வியை மூன்றாம் சந்திப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

எந்தத் தமிழாக்கம் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். கத்தோலிக்கர் கையில் பொது மொழிபெயர்ப்பு, சி.எஸ்.ஐ.காரர் கையில் பழைய திருப்புதல். குர்ஆனுக்கும் பல தமிழாக்கங்கள் உண்டு. ஒரே தாளில் இரண்டு பகுதிகளையும் அடித்துக் கொடுத்துவிட்டால் புரட்டும் நேரம் மிச்சம். குர்ஆன் பகுதியின் அரபு மூலத்தை அந்தத் தாளில் அச்சடிக்க வேண்டாம். கூட்டம் முடிந்ததும் தாள் தரையில் கிடக்கும், சுண்டல் மடிக்கவும் போகும். தமிழ் மட்டும் இருந்தாலும், முடிந்தபின் எல்லாத் தாளையும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். குர்ஆன் பிரதி இருந்தால் மேசைமேல், மற்றப் புத்தகங்களுக்கு மேலாக வையுங்கள். கிறிஸ்தவர் தம் பைபிளில் கோடு போட்டு, நாற்காலிக்கு அடியில் வைப்பது முஸ்லிம்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். அதை அவமதிப்பு என்று எண்ணிவிட வேண்டாம், அவர்கள் வழக்கம் அது.

பேச்சு மரியாதையிலும் சில உண்டு. 'முகமது சொன்னார்' என்று வெறுமனே சொல்லாமல் 'நபிகள் நாயகம்' என்று சொல்லுங்கள். நபியின் பெயரோடு வாழ்த்தாகச் சொல்லும் ஸலவாத்தைச் சொல்ல வேண்டிய கட்டாயம் கிறிஸ்தவருக்கு இல்லை. முஸ்லிம்கள் அல்லாஹ்வை 'அவன்' என்பார்கள். கிறிஸ்தவர் கடவுளை 'அவர்' என்பார்கள். இரு தரப்புக்கும் இதை முன்னதாகச் சொல்லி வைத்தால் புருவம் உயராது.

நாள், நேரம். வெள்ளி மதியமும் ஞாயிறு காலையும் கூடாது என்பது யாருக்கும் தெரியும். மாலை அஸர் தொழுகைக்கும் சூரியன் மறைந்ததும் வரும் மக்ரிபுக்கும் இடையிலான நேரம் வசதியானது. ஆனால் ஷாஃபிஈ சட்ட மரபின் பள்ளிவாசல்களைவிட ஹனஃபி மரபின் பள்ளிவாசல்களில் அஸர் தாமதமாக வரும். வருகிறவர்களின் பள்ளிவாசலில் கேட்டு நேரம் குறியுங்கள். மொத்தம் 90 நிமிடம், மக்ரிபுக்குக் கால் மணி முன்னால் முடிந்துவிட வேண்டும். பாங்கு சொல்லும்போது பேசிக்கொண்டிருப்பது இரு தரப்புக்கும் சங்கடம். ரமலான் மாதத்திலேயே வைப்பதானால் இந்த நேரம் உதவாது. நோன்பாளியின் களைப்பும் இப்தார் (நோன்பு திறக்கும்) அவசரமும் சேரும். இப்தாருக்குக் கூடுங்கள், நோன்புக் கஞ்சி குடியுங்கள். உரையாடலைப் பெருநாளுக்குப் பின் வையுங்கள்.

முதல் சந்திப்பைத் தேவாலயத்திலோ பள்ளிவாசலிலோ வைக்காமல் பொதுவான ஓர் அறையில் வைப்பது நல்லது. இரண்டாவதிலிருந்து மாறி மாறி வைக்கலாம். பங்கு மண்டபத்தில் வைக்கும்போது விருந்தினருக்காகச் சிலுவையைக் கழற்றி மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அது தேவையற்றது, விருந்தினரைக் குறைத்து மதிப்பதும்கூட. பக்கத்தில் ஓர் அறையில் சுத்தமான பாய், ஒளு செய்ய (தொழுகைக்கு முன் கைகால் கழுவ) தண்ணீர், தொழும் கிப்லா திசைக்கு ஓர் அடையாளம் (நம் பகுதியில் மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்து) இருக்கட்டும். குத்துவிளக்கு வேண்டாம், முஸ்லிம்களில் பலரும் பெந்தெகொஸ்தே சபையாரும் ஏற்றமாட்டார்கள். பொன்னாடையும் வேண்டாம், இருபது நிமிடத்தைத் தின்றுவிடும். கூட்டு ஜெபம் வைக்காதீர்கள். யாரை நோக்கி, யார் பெயரால் என்ற கேள்வியில் முதல் வரியிலேயே சிக்கும். ஒரு நிமிட மௌனம் போதும். எதிர்பாலாரிடம் கை நீட்டாமல் நெஞ்சில் கை வைத்து வணக்கமோ சலாமோ சொல்லுங்கள். சிற்றுண்டி சைவமாக இருந்தால் ஹலால் கேள்வியும் தவக்கால வெள்ளியின் இறைச்சி விலக்கும் ஒன்றாகத் தீரும். கேக் வாங்கினால் ரம் சேர்ந்திருக்கிறதா என்று கடையில் கேளுங்கள்.

நெறியாளர் இருவர், பக்கத்துக்கு ஒருவர். யாராவது சூடானால் அவருடைய தரப்பு நெறியாளர்தான் நிறுத்த வேண்டும். முஸ்லிமைக் கிறிஸ்தவ நெறியாளர் நிறுத்தினால், அதில் நியாயமே இருந்தாலும் வாயை அடைத்ததாகவே தோன்றும். ஒருவருக்கு ஒரு முறையில் மூன்று நிமிடம், ஆலிமுக்கும் குருவானவருக்கும் அதேதான். பதில் சொல்லும் முன், கேட்டதைத் தம் சொந்த வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். ஆரம்பத்தில் செயற்கையாக இருக்கும், அரை மணியில் பழகிவிடும்.

மதமாற்றத்தைப் பற்றி வெளிப்படையாகவே பேசிவிடுங்கள். நற்செய்தி அறிவிப்பது கிறிஸ்தவருக்குக் கடமை, தஃவா (மார்க்க அழைப்பு) முஸ்லிமுக்குக் கடமை. அதை யாரும் கைவிட வேண்டியதில்லை. இந்த அறைக்குள் அழைப்பு விடுப்பதில்லை என்ற ஒப்பந்தம் மட்டும் போதும்.

கடினமானவை தானாகவே வரும். 2019 மார்ச் 15இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 21, ஈஸ்டர் அன்று இலங்கைத் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கு மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் தமிழர்களும் உண்டு. இவற்றுக்கு அந்த அறையில் இருக்கும் யாரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவரில்லை என்று விதி செய்துகொள்ளுங்கள். துக்கத்தைச் சொல்ல மட்டும் இடம் கொடுங்கள். இங்கே அதிகம் நடக்கும் பிழை, நம் மதத்தின் போதனையையும் அவர்கள் மதத்தாரின் நடத்தையையும் தராசில் வைப்பது. போதனைக்குப் போதனை, நடத்தைக்கு நடத்தை என்று நெறியாளர்கள் திருப்ப வேண்டும்.

கைபேசிகள் வாசலில் ஒரு கூடையில் இருக்கட்டும். ஒன்றரை மணிப் பேச்சில் முப்பது விநாடியை வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டால் எட்டு வாரத்து வேலை போய்விடும். முடிந்த ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு தரப்பும் தனியே கூடி, எதைத் தவறாகக் கேட்டோம் என்று பேசிக்கொள்ள வேண்டும். எங்கே ஒத்தோம், எங்கே வேறுபட்டோம், எது புரியவில்லை என்ற மூன்றையும் இரு தரப்பும் சேர்ந்து அரைப் பக்கத்தில் எழுதட்டும். வெளியே போவது அது ஒன்றே. அடுத்த தேதியைக் குறிக்காமல் முதல் கூட்டத்திலிருந்து எழுந்திருக்காதீர்கள்.

பத்திரிகைகளுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் மூன்று சந்திப்புகளுக்கு நிருபரை அனுப்பாதீர்கள், அழைத்தாலும் மறுத்துவிடுங்கள். நிருபர் எதிரில் இருந்தால் எல்லாரும் அவருக்காகவே பேசுவார்கள். பின்னால் செய்தி போடும்போது 'இயேசுவை ஏற்ற இமாம்', 'குர்ஆனைப் புகழ்ந்த பாதிரியார்' போன்ற தலைப்புகளைத் தவிருங்கள். அப்படி ஒரு தலைப்பு வந்தால் அந்த இருவரும் தங்கள் ஊரில் விளக்கம் சொல்லியே ஓய்ந்துபோவார்கள். நிருபர் நான்காம் சந்திப்புக்கு வரலாம். படம் எடுப்பதானால் கூட்டம் முடிந்தபின், ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு எடுங்கள்.

இப்படிக்கு,
சமய உரையாடல் பயிற்சி தரும் ஆசிரியர்கள் சிலர்,
பாளையங்கோட்டை – மேலப்பாளையம்